கிளியம்மாளுக்குச் சாமி வந்த ஆடி

சேரப்பணஞ்சேரியில் பாதிப் பெண்களுக்கு ஆடி மாதம் பம்பைச் சத்தம் கேட்டாலே சாமி வந்துவிடும். கிளியம்மாளுக்கு மட்டும் வந்ததே இல்லை. சாமி ஆட அவளுக்கு ஏது நேரம்? கோதண்டம் என்றொரு புருஷன் இருந்தான். அவனுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. தினமும் காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து அவள்தான் மருந்து போடுவாள்.

தாம்பரத்து நர்ஸ் சகாயமேரி ஊசி போடக் கற்றுக்கொடுத்தபோதே சொல்லியிருந்தாள். "நம்ம உடம்புல சக்கரை ஏறினா உடம்பே இறக்கிக்கும், இறங்கினா உள்ள சேத்து வெச்சத எடுத்து ஏத்திக்கும். ஊசிக்கு இறக்க மட்டுந்தாம்மா தெரியும். போட்டதும் அவரு சாப்பிடணும். நடுங்கி வேர்த்தா உடனே சக்கரை குடு, இல்லாட்டி ஆளே போயிடுவாரு."

பொன்னியம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள் வந்தது. இந்த வருஷம் விரதம் இல்லை என்று கோதண்டம் பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். ஊசியைச் சமர்த்தாகப் போட்டுக்கொண்டவன், இட்லியைக் கொல்லைப்புறத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போனான்.

உச்சி வெயிலில் அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. வாய் ஏதேதோ உளறியது. ஆத்தா வந்துவிட்டாள் என்று பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார். தர்மகர்த்தா நாகப்பன், மகளுக்கு எப்போது கல்யாணம் என்று குறி கேட்க ஆரம்பித்தார்.

கிளியம்மாள் மாவிளக்குத் தட்டிலிருந்த வெல்லத்தை அள்ளிக்கொண்டு ஓடினாள். நாகப்பன் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மே, சக்கரை வியாதிக்காரனுக்கு வெல்லமா? புருஷனக் கொல்லப் பாக்கிறியா? ஆத்தா வந்துகீறா, தள்ளு!"

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பட்டினில மயக்கம் வருது, வுடுண்ணே!"

யார் காதிலும் ஏறவில்லை. மனுஷி சொல்லி இந்தக் கூட்டம் கேட்காது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். "டேய்!" என்று அவள் போட்ட கூச்சலில் பம்பையே நின்றது.

"நான் பொன்னி வந்துகீறேன்டா! அவன் மேல வந்தவ என் தங்கச்சி! தாகத்துல நிக்கிறா, வெல்லம் கரைச்சி ஊத்துங்கடா!"

நாகப்பனே ஓடிப்போய்க் கரைத்து வந்து, கோதண்டத்தின் தலையைத் தாங்கிப் பிடித்துச் சொம்பு நிறையப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. கோதண்டம் கண்ணைத் திறந்தான்.

"இன்னா கிளி, தலைய விரிச்சிப் போட்டுகினு நிக்கிற?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாமி அழக்கூடாதே என்று பல்லைக் கடித்து அடக்கினாள். எதிரே ஊரே கைகூப்பி நின்றது. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் வராது.

"ஊசி போட்டுகினு இவன் பட்டினி கெடந்தா, இந்த ஊருக்கு மழை குடுக்க மாட்டேன்டா!"

மறுநாள் முதல் நாகப்பன் காலையில் அவர்கள் வாசலுக்கு வந்து, கோதண்டம் கடைசி வாய் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கழனிக்குப் போனார்.