புலோலி ரீச்சரின் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் பாரிஸில் முதன்முதலாகச் சந்தித்தால் முதலில் பெயர் கேட்பார்கள், பிறகு விசா கேட்பார்கள், அதற்குப் பிறகு "ஊரிலை எவடம்?" என்று கேட்பார்கள். முன்னிரண்டும் மரியாதைக்கு. கடைசிதான் கேள்வி. ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்று வரும். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்று வரும். அதோடு கேட்பவர் வாயை மூடிக்கொள்வார். அவருக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அந்த அளவுக்கு நாகரிகமான சனம்.

கோசலை அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கெட்டுப்போனாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில் கஜனியின் சாறிக் கடைப் பின்னறையில் பிளவுஸ் தைக்கிறாள். கணவன் ஞானசுந்தரம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன், அதிகம் கதைக்காதவன். கலியாணமாகிப் பதினெட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. அதற்காக யாரும் அவளைப் புண்படுத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்கும் நேரம் வந்தால், பிள்ளைகுட்டியோடு இருக்கும் பெண்கள் இரண்டு பேரைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். கோசலை தைத்த பிளவுஸ் மேடையில் நிற்கும்; கோசலை கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருப்பாள். கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சண்டை பிடிக்கவும் இடமில்லாத அவமானம் அது.

கடைசியில் இருவரும் தத்தெடுக்க முடிவு செய்தார்கள். அந்த டொசியே என்ற கோப்புக்கட்டு ஐந்து வருடம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஒரு பிள்ளைகள் இல்லத்திலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். உதயனுக்கு ஒன்பது வயது, ஐங்கரனுக்கு ஐந்து. தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். காய்ச்சலில் இரண்டு நாளில் போய்விட்டாள். தகப்பன் அதற்கு முன்பே இல்லை.

வந்த மறுநாள் காலை கோசலை எழும்பிப் பார்த்தபோது, பெரியவன் போர்வைகளை மடித்து அடுக்கிவிட்டு, தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கட்டிலடியில் நின்றான். யாரோ வந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்று காத்திருந்தான். சாப்பிட்டதும் தன் கோப்பையைக் கழுவினான், தம்பியுடையதைக் கழுவினான், பிறகு கோசலையின் கோப்பைக்கும் கை நீட்டினான். "இது வீடு ராசா, விடுதி இல்லை," என்று அவள் அதைப் பறித்து வைத்தாள். "சரிங்க," என்றான். அன்று முழுவதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது.

அந்தச் சனிக்கிழமையே இருவருக்கும் புதுச் சட்டை போட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊரெல்லாம் பார்க்கட்டும் என்ற சந்தோசப் புளுகம்தான். கஜனி சின்னவனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மரியாதைக் கேள்விகளைத் தாண்டி நேரே வந்தாள்.

"வடிவான பிள்ளையள். எவடம் அக்கா? ஆற்றை பிள்ளையள்?"

யாரும் கோசலையின் கழுத்தைப் பிடிக்கவில்லை. சும்மா சிரித்துவிட்டு நின்றிருக்கலாம். அவளோ மூச்சு விடாமல் சொன்னாள்: "எங்கடை புலோலிதான். என்ரை சித்தியின்ரை மகளின்ரை பிள்ளையள். ரீச்சரா இருந்தவ, பாவம், காய்ச்சலிலை செத்துப் போட்டா."

கஜனியின் முகம் மலர்ந்தது. "அப்ப சொந்த இரத்தம்! அப்பிடியெண்டா நீங்கள் பெரியம்மா முறை, என்ன?"

இப்படித்தான் கோசலை பெரியம்மா ஆனாள். பதினெட்டு வருடம் எந்தச் சொல்லுக்குக் காது வைத்துக் காத்திருந்தாளோ, அந்த 'அம்மா' என்ற சொல்லைத் தன் வாயாலேயே தள்ளி வைத்துவிட்டாள். அது அவளுக்கு அன்று விளங்கவேயில்லை. அன்று பட்டதெல்லாம் ஒரு பெரிய ஆறுதல்தான்.

பொய்யைச் சொல்வது லேசு, அதைக் கட்டிக் காப்பதுதான் வேலை. பள்ளிக்கூடப் பாடம் முடிந்ததும் வீட்டில் இன்னொரு பாடம் நடந்தது. ஆமா என்று சொல்லக்கூடாது, ஓம். எங்க என்று கேட்கக்கூடாது, எங்கை. எந்த ஊர்? புலோலி. அம்மா என்ன செய்தவ? ரீச்சர். உதயன் ஒரு கிழமையில் பாடமாக்கிவிட்டான். சின்னவன் ஆமாவுக்கும் ஓமுக்கும் நடுவில் கொஞ்ச நாள் தடுமாறினான்.

ஒருநாள் ஞானசுந்தரம் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, "அதுகளுக்கு மிஞ்சினது தாயின்ரை நினைவு ஒண்டுதானே, கோசலை. அதிலை ஏன் கை வைக்கிறாய்?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எங்கடை சனத்தைத் தெரியாதோ? தோட்டக்காட்டுப் பிள்ளையள் எண்டு முதுகுக்குப் பின்னாலை சொல்லுவினம். நான் அதுகளுக்காகத்தான் செய்யிறன்."

அவன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் செய்த பிழை அதுதான். ஒரு தரம் கேட்டதோடு தன் கடமை முடிந்ததாக வைத்துக்கொண்டான். 'அதுகளுக்காக' என்று அவள் சொன்னதில் கால்பங்கு உண்மை இருந்தது. மிச்சம் முக்கால் பங்கும் மேடைக்காக.

மேடையும் வந்தது. பனிக்காலம் முடிகிற நேரம் கஜனியின் மகள் லக்சிகாவுக்குச் சாமத்தியவீடு. பாரிஸுக்கு வெளியே சார்செல் பக்கத்தில் பெரிய மண்டபம். கஜனி பின்னறைக்கு வந்து, தையல் மெசினில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இந்த முறை ஆலாத்திக்கு நீங்கள்தான் நிக்கவேணும். நீங்களும் இப்ப பிள்ளையளோடை இருக்கிறியள்தானே."

கோசலை தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கண் நிறைந்து ஊசிக் காது தெரியவில்லை. ஒரு கிழமையாகத் தனக்கென்று ஒரு பிளவுஸ் தைத்தாள். அடுத்தவர்களுக்குத் தைக்கும்போது எடுக்காத கவனமெல்லாம் எடுத்து, கழுத்தை இரண்டு தரம் பிரித்துத் தைத்தாள்.

மண்டபத்தில் பிள்ளைகள் இரண்டு பேரையும் முன்வரிசை மேசையில் இருத்தி, ரோல்ஸ் கொடுத்துவிட்டு, ஆலாத்தித் தட்டை ஏந்திக்கொண்டு மேடைப் படியடியில் நின்றாள். அந்த மேசைக்குக் கஜனியின் மாமி வந்து உட்கார்ந்தார். மாமி கேள்வி கேட்காமல் சோறும் சாப்பிடமாட்டார்.

"தம்பி, ஊரிலை எவடம்?"

"புலோலி, அம்மம்மா," என்றான் உதயன். அம்மம்மா என்ற முறையை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே சேர்த்துக்கொண்டான்.

"அம்மா என்ன செய்தவ?"

"ரீச்சர். எல்லாருக்கும் கணக்குப் படிப்பிச்சவ."

மாமிக்குத் திருப்தி. அப்போது ஐங்கரன் வாய் நிறைந்த ரோல்ஸோடு சொன்னான்: "எங்கம்மா கூடை மாட்டிக்கிட்டுப் போவாங்க. கொழுந்து எடுக்க."

உதயனின் கை பறந்தது. தம்பியின் வாயில் ஓர் அடி. ரோல்ஸ் நிலத்தில் விழுந்தது. உதட்டில் பல் பட்டு இரத்தம் துளிர்த்தது. சின்னவன் அழவில்லை. அண்ணன் அடித்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நம்பும் பிள்ளை அவன்.

மாமி மெதுவாகத் தலையைத் திருப்பிக் கோசலையைப் பார்த்தார். கோசலை சிரித்தாள். "சின்னப்பிள்ளை, மாமி. ரீவியிலை பாக்கிறதெல்லாம் சொல்லுவான்," என்றாள்.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையிடம் போயிருக்க வேண்டும். நாலடி தூரம்தான். அவள் படியேறினாள். லக்சிகாவின் முன்னால் நின்று, திரி அணையாமல், வீடியோக்காரன் சொன்ன பக்கம் முகத்தைத் திருப்பி, அழகாக ஆலாத்தி எடுத்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளைக் கூசவைத்தது அந்த நடுங்காத கைதான்.

திரும்பி வரும்போது ரயிலில் சின்னவன், வேலை முடிந்து வந்து சேர்ந்துகொண்ட ஞானசுந்தரத்தின் மடியில் தூங்கிவிட்டான். உதடு வீங்கிப் போயிருந்தது. உதயன் கோசலையின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தான்.

"பெரியம்மா, நான் சரியாச் சொன்னனானோ?"

"ஓம்."

"தம்பி இனிச் சொல்லமாட்டான். நான் அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறன்." கொஞ்சம் பொறுத்து, குரலை இன்னும் தாழ்த்தினான். "எங்களைத் திருப்பி அனுப்பமாட்டீங்கதானே?"

அந்த ஒரு வசனத்தில் அவனுடைய பழைய பேச்சு எட்டிப் பார்த்தது. இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளை புலோலியைப் பாடமாக்கியது அதற்காகத்தானா? சொந்த வீட்டில் சோறு தின்பதற்கு இது வாடகை என்று நினைத்துக்கொண்டானா? அவனை இழுத்து அணைத்து, "ஒருநாளும் அனுப்பமாட்டன்," என்றாள். அது உண்மை. ஆனால் "இனிப் பொய் சொல்லவேண்டாம்" என்று அவள் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் மண்டபத்திலிருந்து வந்த ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த நாள் கஜனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக் கடைக்குப் போனாள். கஜனி வீடியோவைப் போட்டுக் காட்டினாள். "பாருங்கோ அக்கா, எவ்வளவு வடிவா எடுத்திருக்கிறியள்." கோசலை பார்த்தாள். வடிவாகத்தான் இருந்தது. வெட்கம்கெட்ட மனம் அதிலும் கொஞ்சம் சந்தோசப்பட்டது. வைகாசியில் சொல்லலாம் என்று தள்ளி வைத்தாள். வைகாசி வந்ததும் பள்ளிக்கூட விடுமுறை வரட்டும் என்றாள்.

வருடம் முடிய, தத்தெடுத்த குடும்பங்களைப் பார்க்கவரும் சமூகசேவகி மரி-கிளேர் கடைசித் தடவையாக வந்தாள். நல்ல மனுசி. கோசலை வைத்த பயற்றம்பணியாரத்தில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, ஐங்கரனின் பிரெஞ்சைப் புகழ்ந்தாள். அவன் இப்போது பிரெஞ்சில் வெளுத்து வாங்குகிறான். பிறகு இதமாகக் கேட்டாள்: "உன்னைப் பெற்ற அம்மாவைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, கண்ணா?"

"ஓ, இருக்கிறது," என்றான் ஐங்கரன் பிரெஞ்சில். "அம்மா ரீச்சர். புலோலியில். எல்லாருக்கும் கணக்குப் படிப்பித்தார்."

உதயன் தரையைப் பார்த்தான். மரி-கிளேர் தலையை நிமிர்த்திக் கோசலையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைகளின் தாய் யாரென்று அவளுக்குத் தெரியும். அந்த விபரங்களைப் பார்த்துத்தானே பிள்ளைகளைச் சேர்த்து வைத்தவள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கோசலைக்குக் காது இரண்டும் எரிந்தன.

"இல்லை, மதாம்," என்றாள் தன் உடைந்த பிரெஞ்சில். "ரீச்சர் இல்லை. தேயிலை பறித்தவர். நான்தான் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளில் பிழையில்லை."

சின்னவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கண்ணில் களவு இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"இல்லை பெரியம்மா," என்றான் தமிழில், அவளைத் திருத்துகிற மாதிரி. "அம்மா ரீச்சர். அண்ணாவைக் கேட்டுப் பாருங்கோ."

அவள் முழங்காலில் நின்று அவன் கையைப் பிடித்தாள். "இல்லை ராசா. அம்மா கொழுந்து எடுத்தவ. நான்தான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

கஜனிக்குச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது, ஞானசுந்தரத்துக்கும் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மரி-கிளேர் மெல்ல, "என்ன கேட்கிறான்?" என்றாள். கோசலை அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் மாற்றிச் சொன்னாள். இப்போது மூன்று பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"எனக்கு வெக்கமா இருந்தது," என்றாள்.

"எங்கம்மாவ நினைச்சா?" என்று கேட்டான் உதயன்.

"ஓம்."

அவன் தலையாட்டினான். அது அவனுக்குப் புதுச் செய்தி இல்லை. எழும்பி, "வாடா," என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனான். கதவை அறையவில்லை, சாத்தினான். மரி-கிளேர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

கோசலை கதவடிவரை போனாள். உள்ளே போக முகம் இல்லாமல் வெளியிலேயே நின்றாள். உதயனின் குரல் கேட்டது. ஒரு வருடமாக அந்த வீட்டில் கேளாத பேச்சு.

"அம்மா ரீச்சர் இல்லடா. விடிய எந்திரிச்சு ரொட்டி சுட்டு வச்சிட்டுப் போவாங்க. இடுப்புல சாக்கு கட்டியிருப்பாங்க, அட்டை கடிக்காம இருக்கக் கால்ல சவுக்காரம் பூசுவாங்க. உன்னைய பிள்ளைக் காம்பராவுல ஆயாக்கிட்ட விட்டுட்டுப் போனா நீ கத்துவ. அம்மா திரும்பி வந்து, ஒரு பாட்டுப் பாடுவாங்க."

"என்ன பாட்டு?" என்றான் சின்னவன்.

கோசலை கதவில் காதை வைத்தாள். உள்ளே உதயன் எதையோ முனகத் தொடங்கி நிறுத்துவது கேட்டது.

"தெரியலடா," என்றான் உதயன். "இங்க வந்தப்ப ஞாபகம் இருந்துச்சு."