பாப்பாவும் சாப்பிடக்கூடிய இனிப்பு

சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை, தைத்து முடிந்து வருவதைப் பார்த்துக் கழிப்பது. பிரிந்த நூல், கோணல் காலர், இடம் மாறித் தைத்த பொத்தான், எதுவும் அவள் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அதனால் ஆலையிலும் சரி, ஆலைக்குப் பக்கத்திலிருந்த மாடிக் குடியிருப்பிலும் சரி, எல்லோருக்கும் அவள் ‘செக்கிங் அக்கா’. அவளைவிட மூத்தவர்கள்கூட வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். ஒரே மகளுக்குக் கோதுமையும் ஆகாது, அதிலிருந்து வரும் மைதாவும் ஆகாது. ஒவ்வாமை என்று லேசாகச் சொல்லிவிட முடியாத நோய் அது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற பசைச்சத்து துளி உள்ளே போனாலும் அவளுடைய குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். இது தெரியவருவதற்குள் பெண் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள். அதுவரை அவளுக்கு வீட்டில் இருந்த பெயர் ‘சாப்பாட்டுக் கள்ளி’. ரொட்டியைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தையை, நடிக்கிறாள் என்று சொல்லி ஊட்டிய கை அம்மாவின் கைதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கமாகச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் மாவு டப்பாக்களையெல்லாம் மூட்டை கட்டித் தெருக்கோடியில் போட்டாள். வாணலி, சல்லடை, தோசைத் திருப்பி எல்லாம் புதிதாக வந்தன. அன்றிலிருந்து பெருங்காயம் வாங்கினாலும் அதில் மாவு கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காமல் அவள் கூடையில் போட்டதில்லை.

அவளுடைய கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். சத்தம் போட்டுப் பேசாத மனிதன். மகள் வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் அவனுக்கு அவள் பாப்பாதான். பாப்பா மேல் அவனுக்கு உயிர். ஆனால் பாப்பாவின் நோய் மேல் மட்டும் நம்பிக்கை வரவில்லை. எஞ்சினில் கோளாறு என்றால் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கலாம். இது என்ன, கண்ணுக்கும் தெரியாமல், ஊரே தின்கிற சாமானில் வருகிற நோய்?

அந்தச் சந்தேகத்தைக் கல்யாணப் பேச்சு இன்னும் கிளறிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, பேச்சும் படிந்து வந்தது. சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னதும் பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்போ எங்க வீட்ல ரெண்டு அடுப்பு வைக்கணுமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அதன் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை. அடுத்து வந்த வரனும் அதே இடத்தில் நின்றுபோனது.

“இதைச் சொல்லாம இருந்தா என்ன?” என்றான் கணவன்.

“சொல்லாம கட்டிக் குடுத்துட்டு? அவங்க வீட்ல போய்ச் சாவட்டும்னா?” என்று சீறினாள் செக்கிங் அக்கா.

மகள் காப்பி டம்ளர்களைக் கழுவினாள்.

டிப்போவில் அவனோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் கதை சொன்னார். அவருடைய மச்சான் மகனுக்குப் பால் ஆகாது என்று பெற்றவர்கள் பொத்திப் பொத்தி வைத்தார்களாம். ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தார்களாம். ஒன்றும் ஆகவில்லையாம். இப்போது சொம்பு சொம்பாகக் குடிக்கிறானாம். “எல்லாம் மனசுங்க. மனசுல இருந்து எடுத்துட்டா உடம்புல இருக்காது” என்றார் டிரைவர். அந்தப் பேச்சு மெக்கானிக்கின் காதில் தங்கிவிட்டது.

குடியிருப்பில் சுதந்திர தினத்தைத் தடபுடலாகக் கொண்டாடுவார்கள். முற்றத்தில் கொடியேற்றம், பிள்ளைகளின் பாட்டு, சாக்கு ஓட்டம். பிறகு நீள மேசையில் வீட்டுக்கு வீடு ஒரு பண்டம். கேக், பிஸ்கட், பப்ஸ் என்று மேசை முழுக்க மாவாகவே இருக்கும். எல்லோரும் தட்டும் கையுமாகச் சிரித்துப் பேசும்போது பாப்பா ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். “டயட்டா?” என்று யாராவது கேட்பார்கள். அவளும் ஆமாம் என்பாள்.

அந்த வருஷம் பிள்ளைகளுக்குக் கொடிப்பாட்டுச் சொல்லிக்கொடுத்தவளே பாப்பாதான். நல்ல குரல் அவளுக்கு. தினம் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியில் வாண்டுகளை உட்காரவைத்துப் பாடுவாள். அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. இந்தத் தடவையாவது என் பெண் எல்லோரோடும் ஒரே தட்டத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும்.

யார் வீட்டிலிருந்து என்ன பண்டம் என்று கேட்டுக்கொண்டு வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம், “எங்க வீட்லருந்து பழ இனிப்பு. மாவே கிடையாது” என்றாள்.

“மாவு இல்லாம இனிப்பா? கொடி இல்லாத கம்பம் மாதிரில்ல இருக்கும்!” என்றார் அவர்.

“தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

செய்முறை சுலபம்தான். கடல்பாசியைத் தண்ணீரில் கரையக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை போட்டுச் சுடவைத்த தேங்காய்ப்பாலில் அதை வடிகட்டி ஊற்ற வேண்டும். தட்டத்தில் அது உறைந்ததும் மேலே பழங்களை அடுக்கிக் குளிரவைத்தால் வேலை முடிந்தது. கொடியின் காவிக்கு ஈடாக மாதுளையும் ஸ்ட்ராபெரியும், பச்சைக்குத் திராட்சையும் கிவியும் வாங்கினாள். நடுவில் வரும் வெள்ளைப் பட்டைக்குத் தேங்காய்ப்பாலே போதும். அவ்வளவு பெரிய தட்டம் அவளிடம் இல்லை. எதிர்வீட்டு டீச்சரிடம் கண்ணாடித் தட்டம் இருந்தது. குழம்பு கொதித்தால் ருசி பார்க்கக் கூப்பிடும் அளவுக்கு இரண்டு பேருக்கும் பழக்கம்.

முந்தின நாள் சாயங்காலம் பால் பிழிந்து வைத்து, கடல்பாசியை அடுப்பில் ஏற்றினாள். “பொங்கிடாமப் பாத்துக்குங்க, தட்டத்த வாங்கிட்டு வந்துடறேன்” என்று கணவனிடம் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். டீச்சர் தட்டத்தைத் தேடி எடுத்து, தன் மருமகள் போனில் என்ன சொன்னாள் என்பதையும் சொல்லி முடித்துத்தான் விட்டார். வந்ததும் தட்டத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, மறுபடியும் தேய்த்தாள்.

தேங்காய்ப்பாலைச் சூடாக்கியபோது அது வழக்கத்தைவிடக் கெட்டியாகத் திரண்டு வந்தது.

“பாத்தீங்களா, எப்படி வருதுன்னு! நல்லா முத்தின தேங்காய்” என்றாள் பூரிப்போடு. கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, “ம்” என்றான்.

மறுநாள் கொடி ஏறியது. செயலாளர் பேசினார், ஒலிபெருக்கி கீச்சிட்டது. பேச்சு முடிந்து எல்லோரும் மேசைக்கு வந்தபோது அந்தத் தட்டம்தான் எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. மேலே மாதுளை முத்து முத்தாக மின்னியது.

“பாப்பா, நீ முதல்ல எடு” என்றாள் அம்மா.

பாப்பா எடுத்தாள். அப்புறம் செயலாளர், டீச்சர், அடுத்தடுத்த மாடிக்காரர்கள், வாண்டுகள். “அக்கா, இது மாவு இல்லாமயா? நம்ப முடியலயே!” என்றார்கள். மகள் கூட்டத்தின் நடுவில் நின்று தட்டும் கையுமாகச் சிரித்தாள். இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள். அவள் யாரிடமும் எதுவும் விளக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். அம்மாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. அப்பா கொடிக்கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார்.

சாக்கு ஓட்டமெல்லாம் முடிந்து பாட்டு ஆரம்பித்தது. பிள்ளைகள் வரிசையாக நிற்க, பாப்பா மைக்கைப் பிடித்து முதலடி எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் அடியில் குரல் அறுந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மைக்கைப் பக்கத்திலிருந்த சிறுமியின் கையில் திணித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வாட்ச்மேன் அறைக்குப் பின்னாலிருந்து அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. யாரும் அணைக்காத மைக்கில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஓடினாள். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். பின்னால் கூட்டத்தில் ஒரு குரல், “கல்யாணம் ஆகாத பொண்ணு இப்படி வாந்தி எடுத்தா என்னன்னு நினைக்கறது?” என்று மெதுவாகக் கேட்டது. மெதுவாகக் கேட்டதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். டாக்டர், “கோதுமைதான் எதுலயோ உள்ள போயிருக்கு. நாங்க சொன்னா நீங்க கேக்கணும்லம்மா” என்று தாயைக் கடிந்துகொண்டார்.

“நான் அம்மா செஞ்சதத் தவிர எதையும் தொடல” என்றாள் மகள், கண்ணை மூடியபடி. அதில் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைச் சொன்னாள். ஆனால் தாய்க்கு நெஞ்சில் இடி இறங்கியது.

மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அம்மா அடுக்களையைத் தலைகீழாகப் புரட்டினாள். சர்க்கரை டப்பா, கடல்பாசி பாக்கெட், வடிகட்டி, கரண்டி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவள் மனம் கண்ணாடித் தட்டத்தில் போய் நின்றது. அதில்தானே டீச்சர் கேக் சுடுவார்! விளிம்பு மடிப்பில் பழைய மாவு ஒட்டியிருந்திருக்கும். நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“தெரிஞ்சும் அந்தத் தட்டத்தக் குடுத்தீங்களே டீச்சர். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“ஐயோ, நீதானேம்மா கேட்ட? ரெண்டு தடவ தேச்சுக் கழுவினேன்னு சொன்னியே!”

“உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிக் குடுப்பீங்களா?”

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படியில் ஏறி இறங்குபவர்கள் நின்று பார்த்தார்கள். செக்கிங் அக்கா நிறுத்தவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட வீட்டுச் சமாசாரங்களையெல்லாம், மருமகள் ஏன் வருவதில்லை என்பது வரை, அந்தப் படியில் வைத்துக் கொட்டித் தீர்த்தாள்.

திரும்பி உள்ளே வந்தபோது கணவன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“அவங்கள எதுக்குத் திட்டற?” என்றான்.

“பின்ன யாரத் திட்டறது?”

“நான்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நீ தட்டம் வாங்கப் போனப்ப, பால்ல ரெண்டு கரண்டி மைதா கலந்தேன். கடையிலருந்து பொட்டலமா வாங்கி வச்சிருந்தேன்.”

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவளுக்குத் தெரியாமப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். சாப்பிட்டு முடிச்சதும், பாரும்மா, உனக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம்னு இருந்தேன். அன்னைக்கு அவ சிரிச்சத நீயும் பாத்தல்ல? சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் இருக்காங்களேன்னு...”

“பொண்ணு மேல பரீட்சை வச்சுப் பாத்தீங்களா?”

“அவ நல்லா இருக்கணும்னுதான்டி.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்தவன் என்றால் வெறுத்துத் தள்ளிவிடலாம்.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. பாப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவள் அருகில் போய், “பாப்பா” என்றார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறியதும் அவள் வீட்டில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். கோபத்தில், சாப்பிட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாலும் பரவாயில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குக் கொண்டுபோவாள், கை நின்றுவிடும்.

“நான்தான்டி செஞ்சேன். அடுப்ப விட்டு நகரவே இல்ல” என்பாள் அம்மா.

“தெரியும்மா. உன் மேல கோவம் இல்ல. உள்ள எறங்க மாட்டேங்குது.”

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து அவள் போய்விட்டாள். ஒற்றை அடுப்பில் தனக்கு வேண்டியதைத் தானே பொங்கிக்கொண்டாள். குடியிருப்பில் அவள் வெளியேறியதற்கு வேறு காரணம் கற்பித்தார்கள். கொடியேற்றத்தன்று வாந்தி எடுத்தவள்தானே என்றார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அம்மா தன் கணவனை ஊர் முன்னால் நிறுத்த வேண்டும். செக்கிங் அக்கா வாயைத் திறக்கவில்லை. கல்யாணத் தரகர் அந்தப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டார்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் கதவைத் திறந்தார், கேட்டுக்கொண்டார், “சரிம்மா” என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. தட்டத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, “நீயே வச்சுக்க” என்று கதவைச் சாத்தினார்.

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் சாப்பிட வந்தால் பரிமாறுவாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்பதில்லை. அவன் டிப்போவிலிருந்து வந்ததும் மகளின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பான். காலி அறைதான். ஒருநாள் அந்தக் கதவின் கீல் கிரீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டான். யாரும் திறக்காத கதவு அது.

விடுமுறை நாளில் எப்போதாவது மகள் வருவாள். அப்பாவிடம் டிப்போ சமாசாரம் கேட்பாள், அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் கொண்டுவந்து தருவாள். பசி வந்ததும் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்துத் திறப்பாள். அம்மா எதிரில் உட்கார்ந்து, மகள் சமைத்த சோறு குழைந்திருக்கிறதா, காய் வெந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள்.

போன தடவை வெயிலில் நடந்து வந்திருந்தாள் மகள். முகமெல்லாம் வேர்வை. அம்மா எழுந்து போய்க் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, டம்ளரை அலசி, தண்ணீர் பிடித்து வந்து நீட்டினாள்.

“தண்ணியாவது குடிம்மா.”

மகள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டாள்.

“பாட்டில் இருக்கும்மா” என்றாள்.

கொண்டுவந்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல், அம்மா அதை நின்றபடியே தானே குடித்தாள்.