வெற்றிலைக் காம்பு

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாருவும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். மாமனார் முன்னால் மருமகள் வாய் திறக்கலாகாது. அவர் பக்கத்திலேயே நின்றாலும், "சோறு ஆச்சுன்னு அப்பாருகிட்டச் சொல்லு சாமி" என்பாள் அம்மா. அவரும் நான் சொல்லும்வரை காது கேளாதவர்போல் நின்றுவிட்டு, "வாரேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார். நடுவில் நான்தான் தபால்காரி.

அன்று காலை வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்த அப்பாரு வெற்றிலை போட உட்கார்ந்தார். காம்பைக் கிள்ளப் போனார், வெற்றிலை கிழிந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் கிழிந்தது. வெற்றிலையோடே வளர்ந்த மனுஷன். ஏதோ முனகினார், பேச்சு குழறியது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. அப்பாவோ ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார், போனை எடுக்கவில்லை. பரமத்தி வேலூரில் கார் பிடித்து நாமக்கல் போனோம். அதற்குள் அவருக்குப் பேச்சு தெளிந்துவிட்டது. "எனக்கொண்ணுமில்லைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று வழியெல்லாம் என்னை அரித்தெடுத்தார்.

"என்ன பண்ணுதுங்க பெரியவரே?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லாருக்கறனுங்க சாமி. ராத்திரி தூக்கமில்லீங்க, அந்த அசதிதான்."

அவர் காதில் அது நலம் விசாரிப்பதாகத்தான் விழுந்தது. நலம் கேட்டவரிடம் குறை சொல்வது மரியாதையா? தலை சுற்றுகிறதா? இல்லீங்க. கை மரத்துப் போகிறதா? அதெல்லாம் இல்லீங்க. டாக்டர் சத்து மாத்திரை எழுதத் தொடங்கினார்.

அம்மா குனிந்து, "வெத்தலை கிழிஞ்சுதுன்னு டாக்டருகிட்டச் சொல்லு" என்று என் காதில் சொன்னாள். அப்பாரு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இல்லீங்க டாக்டரு. மாமா சொல்றது சரியில்லீங்க. காலையில வெத்தலைக் காம்பு கிள்ள வரலீங்க அவுங்களுக்கு. பேச்சும் கொளறுச்சுங்க. நல்லாப் பாத்துட்டு எழுதுங்க."

கூரை இடிந்து விழுந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அப்பாருவை இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நீட்டினார். வலது கை மட்டும் தானாக மெல்லக் கீழே இறங்கியது.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். வீல்சேர் வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறதாம். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கையும் பேச்சும் போயிருக்குமாம். எனக்கு அது ஏறவே இல்லை. அம்மா எதிர்த்துப் பேசிவிட்டாள், அப்பா வந்ததும் என்ன ஆகுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வேறொரு டாக்டர் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பாரு இடது கையை அம்மா பக்கம் காட்டி, "அம்மிணியக் கேளுங்க சாமி" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்தேன். அம்மா கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் சந்தேகமே போய்விட்டது. எங்கள் குடும்பம் உடைந்தே விட்டது என்று முடிவுகட்டி, நானும் அழ ஆரம்பித்தேன்.