கும்பகோணத்தில் வேனுக்குக் காவல்

காரைக்கால் பக்கத்து விழிதியூர் பெரியநாயகி ஆண்டு தவறாமல் கும்பகோணம் போய் வருகிறவள். ஆனால் அந்த ஊரில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்றுதான்: வேன் நிறுத்துகிற இடம்.

அவள் கணவர் திருஞானசம்பந்தம் பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மாசி பிறந்தால் உறவுக்காரர்களைத் திரட்டி வேன் எடுப்பார். வண்டிக்குத் தமிழ்நாட்டு பெர்மிட் வாங்குவது முதல் யாருக்கு எந்த சீட் என்பது வரை அவர் முடிவுதான். சோறு மட்டும் பெரியநாயகி பொறுப்பு. இருட்டோடு எழுந்து புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, அண்டாக்களுக்குத் துணி கட்டி ஏற்றுவாள். கும்பகோணத்தில் இறங்கியதும் மற்றவர்கள் கோயில், குளம், பாத்திரக்கடை என்று கலைந்துவிடுவார்கள். டிரைவர் டீ குடிக்கப் போவார். வேனின் பின்கதவு சரியாகப் பூட்டாது. அண்டாவுக்குக் காவலாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்.

இந்த மாசியில் சாரங்கபாணி கோயில் தெருவில் வேன் நின்றது. கோபுரம் முழுதும் ஜன்னல் வழியே தெரியாது. கழுத்தை வளைத்தால் பாதி தெரியும். அதைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்க, சாமி கும்பிட்டுப் பலகாரமும் முடித்துக்கொண்டு கூட்டம் திரும்பியது.

நாத்தனார் கல்யாணசுந்தரி வாயைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். "அண்ணி, இட்லிக்குக் கடப்பான்னு ஒண்ணு ஊத்துறான் பாருங்க! பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்கா அரைச்சு விட்டு... கையை நக்கிக்கிட்டே வர்றோம்."

"எனக்கு?"

கல்யாணசுந்தரி அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு காகிதக் கப்பை நீட்டினார். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"உனக்குத்தான் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதே."

"யாரு சொன்னா?"

"நீதான். கல்யாணமான புதுசுல, இதே ஊர்ல, எலையில கை வைக்காம எழுந்து ஓடுனியே."

"அப்ப தாமரைச்செல்வி வயித்துல இருந்தா. எதைப் பாத்தாலும் குமட்டுச்சு. அவளுக்கே ரெண்டு புள்ளைங்க இருக்கு. எனக்கு மட்டும் அந்தக் குமட்டல் இன்னும் நிக்கலையா?"

பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியநாயகி காபியை ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு இறங்கினாள்.

"எங்க கிளம்பிட்ட? ஒப்பிலியப்பன் கோயிலுக்கு நேரமாச்சு."

"போங்க."

அவர்கள் சாப்பிட்டு வந்த மெஸ்ஸில் கூட்டம் வடிந்திருந்தது. இலை போட்டு இரண்டு இட்லி வைத்தார்கள், அவை முழுகக் கடப்பா ஊற்றினார்கள். சாப்பிட்டாள். சோம்பு கொஞ்சம் தூக்கல். வீட்டில் அரைமணி நேரத்தில் இதைவிட நன்றாகவே வைத்துவிடுவாள். அது புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவுதானா? இந்த ஒரு கரண்டியைத் தரத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லையா?

"இன்னும் ரெண்டு இட்லி வைங்க. கடப்பா நிறைய ஊத்துங்க," என்றாள்.

கணவர் வந்து நின்றார். "எல்லாரும் காத்திருக்காங்க. என்ன இது, நாலு பேர் பாக்க அசிங்கம்?"

"காத்திருக்கட்டும். நான் கோயிலப் பாக்கணும்."

"நடை சாத்தியாச்சு. இனிமே நாலு மணிக்குத்தான்."

"நாலு மணிக்கே பாக்குறேன். நீங்க கிளம்புங்க. காரைக்கால் பஸ்ல வந்துடுறேன்."

"தனியாவா?"

"வேன்ல மட்டும் யாரு கூட இருந்தேன்?"

அவர் வெளியே போனார். இலையிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

பெரியநாயகி கடைத்தெரு நெடுக நடந்தாள். குத்துவிளக்குகளை விலை கேட்டாள், வாங்கவில்லை. கொழுந்து வெற்றிலை வாங்கி மென்றபடி பகவத் படித்துறைக்குப் போனாள். காவேரி ஒரு ஓரமாகத்தான் ஓடியது. அதில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அப்பளத்தை எந்தப் பையில வச்ச?" கணவர்தான். பின்னால் கல்யாணசுந்தரியின் குரலும் கேட்டது: "அண்ணிகிட்ட கரண்டியையும் கேளுங்கண்ணே!"

"தேடுங்க."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

வெயில் தாழ்வதற்குள்ளேயே கோபுர வாசலுக்கு வந்துவிட்டாள். கதவு சாத்தியிருந்தது. காவல்காரர் நிழலைக் காட்டினார். "இன்னும் நேரம் இருக்குங்கம்மா. அப்படி உக்காருங்க."

"உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சுங்க. நிக்கிறேன்."

நின்றாள். நடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள்.