வால்பாறை இறக்கத்தில் கேட்ட 'பாக்கலாமுங்க'

1996 மார்கழியில் நானும் என் மனைவியும் வால்பாறை போனோம். அங்கே அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. துடியலூரில் எனக்குக் கொப்பரை வியாபாரம். மறுநாள் காலை உடுமலைப்பேட்டையில் ஒரு சரக்கு பேசி முடிக்க வேண்டும் என்பதால், அன்றே திரும்புவதாகத் திட்டம். வாடகை அம்பாசிடர், எண்ணூறு ரூபாய்.

காலை ஐந்துக்குக் கிளம்பி, பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டு, ஆழியாருக்கு மேல் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஒன்பதரைக்குச் சேர்ந்தோம். ஏறும்போது ஒரு குறையும் இல்லை.

மதியம் கிளம்பும்போது டிரைவர் சண்முகம் சக்கரத்தருகே குனிந்திருந்தார். பிரேக் கொஞ்சம் உள்ளே போகிறது, மெக்கானிக் காலையில்தான் வருவாராம் என்றார். காலையில் உடுமலையில் இருந்தாக வேண்டுமே, இப்படியே இறங்கிவிடலாமா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"பாக்கலாமுங்க."

"அப்ப எடுங்க" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பாதி இறக்கத்தில் கருகல் வாடை. சண்முகம் மிதிக்க மிதிக்க பெடல் தரையோடு போய் ஒட்டியது. "அம்மணி, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார், அவ்வளவுதான். கியரைக் குறைத்தார், எஞ்சின் அலறியது. வண்டியை மலைப்பக்கம் உரசவிட்டு, ஓரத்து ஓடையில் சக்கரத்தை இறக்கினார். நின்றோம். நாலு எட்டு வைத்தால் வளைவு, அதற்கப்புறம் வெறும் ஆகாயம்.

கதவுப்பிடியிலிருந்து கையை எடுக்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததும் சண்முகத்தைத்தான் திட்டினேன், வாயைத் திறந்து முடியாது என்று சொன்னால் என்ன என்று. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அவர எதுக்குங்க வையறீங்க? சந்தையில ஒருத்தரு பாக்கலாமுங்கன்னா அந்த யாவாரம் ஆகாது, எந்திரிச்சு வந்தரோணும்னு இருவது வருசமாச் சொல்றது நீங்கதானுங்க."

எஸ்டேட் லாரி ஒன்றில் மூவரும் ஆழியார் இறங்கினோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். மேலே ஓர் இரவு தங்கும்படி நேரமும் பணமும் கையில் இருக்கட்டும். முக்கியமாக, டிரைவரிடம் "போலாமா?" என்று கேட்காதீர்கள். நம் பக்கத்து ஆள் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார். உங்கள் வீட்டாரை இதே வண்டியில் கூட்டிப்போவீர்களா என்று கேளுங்கள். ஆழியாரில் டீ குடிக்கும்போது சண்முகத்திடம் அப்படித்தான் கேட்டேன்.

யோசிக்கக்கூட இல்லை. "மாட்டனுங்க" என்றார்.