சூத்திரம் கேட்ட ஸ்ரீரங்கம்

காலை ஐந்தரை மணிக்கு உப்பிலியபுரத்தில் பஸ் ஏறினேன். நாற்பது மைலுக்கு டிக்கெட் ஒரு ரூபாய் ஐம்பது நயா பைசா. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மடியில் இருந்த இலக்கணப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒப்பிப்பேன். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு மனிதரிடமும் அதுவரை பேசியதில்லை. துறையூரில் வாங்கிய இட்லியை நாய்க்குப் போட்டேன்.

ஒன்பது மணிக்குக் கொள்ளிடம் பாலம். கோபுரங்களைப் பார்த்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை எழவில்லை.

பள்ளி வாசலில், அங்கே ஆங்கிலம் எடுக்கும் டோரத்தி டீச்சர் கவுன் அணிந்து நின்றிருந்தார். பொன்மலை ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. பயணம் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார். புரிந்தது; தலையை மட்டும் ஆட்டினேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாங்க, தண்ணி குடிங்க" என்றார். குட்டு உடைந்துவிட்டதென்று நினைத்தேன்.

பத்து மணிக்கு நான் எடுக்க வேண்டிய மாதிரி வகுப்பு. பார்க்க வந்த பள்ளிக் கமிட்டிப் பெரியவர் சமஸ்கிருதம் படித்தவர். டோரத்தி டீச்சரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார். ஏன் இப்படி எழுத வேண்டும் என்று பெண்கள் கேட்டால், அப்படித்தான் பேசுவோம், மாற்றிச் சொன்னால் காதுக்கு உறுத்தும் என்கிறாராம். அப்பாமார் புகார் எழுதிவிட்டார்கள்.

"பேச்சு அட்சர சுத்தம்தான். இலக்கணச் சூத்திரம் சொல்லத் தெரியலையே. சூத்திரம் இல்லாம ஒரு பாஷை உண்டோ?" என்றார் என்னிடம்.

நான் விதிகளைக் கரும்பலகையில் எழுதித் தமிழிலேயே விளக்கினேன். பின் பெஞ்சில் டோரத்தி டீச்சர். ஆங்கிலத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டால் என் கதை முடிந்தது. ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவரும் அவரைப் பார்த்தார். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு வேலை கிடைத்துவிட்டது. அது டோரத்தி டீச்சரின் இடம், அவரை நிறுத்தியாகிவிட்டது என்று தலைமையாசிரியை அப்போதுதான் சொன்னார்.

டோரத்தி டீச்சர் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். ஏன் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

"நாலு வருஷமா அந்த வகுப்புக்குள்ள போறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும், பொண்ணுங்க ஏன்னு கேட்டுடுவாங்களோன்னு. அதே பயத்தை உங்க முகத்துல பாத்தேங்க."

பஸ் கொள்ளிடம் தாண்டியது. எங்கள் ஊரில் இங்கிலீஷ் படித்தவள் என்று என்னிடம்தான் எல்லோரும் வருவார்கள்; நான் போய்க் கேட்க அங்கே ஆளில்லை. திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசிவிட்டால் நான் என்ன செய்வேன்? கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பள்ளியில் ஒருவர்தான் இருந்தார். அவரை நான் அனுப்பிவிட்டேன்.