ஐந்து அங்குலச் சுருட்டும் அத்தானின் மூக்கும்

என் அக்காவைக் கட்டியவர் முப்பத்தொரு வருடமாக ஒரே சுருட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். எனக்குப் புகை என்றாலே ஆகாது. கல்யாணம் பேசும்போதே, "இந்த வாடையோட காலம் பூரா குப்பை கொட்டணுமா உனக்கு?" என்று கேட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆனாலும் அத்தானின் மூக்கை மெச்சாமல் இருக்க முடியாது. மூடிய பெட்டியை ஒருமுறை மோந்துவிட்டு எந்த வருடத்துச் சரக்கு என்பார். திருப்பிப் பார்த்தால் அதே வருடம் அச்சடித்திருக்கும்.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கின் வேலையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாற, இவர் பக்கத்து நாற்காலியில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கத்திக்கொண்டே வந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். எங்கள் இருவரிடமும் அத்தான் சத்தியம் வாங்கினார்: வெளியே மூச்சு விடக் கூடாது. மூக்கு செத்தவரைச் சுருட்டுக் கடையில் யார் வைத்துக்கொள்வார்கள்? ஐம்பது வயதுக்கு மேல் வேறு வேலை எங்கே கிடைக்கும்?

அதற்குப் பிறகுதான் அவர் மணத்தை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொண்டார். யார் வந்து "எது நல்லாருக்கும்?" என்றாலும் ரொபஸ்டோ என்கிற குட்டையான, கனத்த சுருட்டை நீட்டுவார். அதிகம் விலைபோகும் அளவும் அதுதான்.

"அஞ்சு இன்ச் நீளம், அம்பது நம்பர் கனம். ஒரு இன்ச்ச அறுபத்துநாலு பங்கு போட்டா அதுல அம்பது பங்கு. குடிச்சு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் சும்மா உக்கார முடியுமா? முடியாதுன்னா வாங்காதீங்க சார்."

வாங்கத் தயாராக வந்தவரையே விரட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்ததில்லை. அத்தான் பாடம் நடத்துவார்: தொப்பி மாதிரி இருக்கும் நுனியை மட்டும் வெட்டணும். நெருப்பை ஒட்டவைக்காமல் சுற்றிச் சுற்றிக் காட்டணும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, புகை வாயோடு நிற்கணும், நெஞ்சுக்குப் போகக் கூடாது. சாம்பலைத் தட்டாதே, தானாக விழட்டும். விரல் சுட்டால் கீழே வைத்துவிடு, நசுக்காதே, நசுக்கினால் அறையே நாறும். கடைசி விஷயத்தை அவர் ஞாபகத்திலிருந்துதான் சொல்லவேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

எல்லாரையும் சமாளித்தார், முதலாளியம்மாவைத் தவிர. சுருட்டு அலமாரியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கவேண்டும். கூடிவிட்டால் பூஞ்சை. அது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரியும். காலையில் மோந்து பார்ப்பது அத்தானின் வேலை. காய்ச்சலுக்குப் பிறகு அந்தம்மா அரைமணி முன்னாலேயே வந்து, தட்டுத் தட்டாகத் தானே மோந்து பார்க்க ஆரம்பித்தார்.

"என்னைப் பொறி வச்சுப் பிடிக்கப் பாக்குது, மாப்ளே. வாயத் தொறந்து கேட்டாலாவது நிம்மதியா போயிடும்" என்று என்னிடம் பொருமுவார்.

ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிப்போகக் கடைக்குப் போயிருந்தேன். பின்னறையில், பெயர்ப்பட்டை கழற்றிய இரண்டு புது ரொபஸ்டோக்களை முதலாளியம்மா அவர் முன்னால் வைத்தார். அடுத்த ஒரு வருடத்துக்கு வாங்கி விற்க இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அத்தான் ஒன்றைப் புகைத்து முடித்து, தண்ணீர் குடித்து, அடுத்ததைப் பற்றவைத்தார். ஒன்றரை மணி நேரம் நான் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்ல குடிச்சதுதான் மேடம். கடைசி வரைக்கும் சூடாகல, சாம்பல் ஒரு இன்ச் நின்னுச்சு. இன்னொன்னு பாதியிலயே சுடுது."

"சரி. மணம்?"

முதலாவது என்றோ இரண்டாவது என்றோ அடித்துவிட்டிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியல மேடம். பத்து மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியல."

அந்தம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தெனமும் காலைல நான் எதுக்கு அலமாரிய மோந்து பாக்கறேன்னு நெனச்சீங்க?"

"என் மேல சந்தேகம்னு..."

"காய்ச்சல் முடிஞ்சு வந்த மொத வாரமே மேல்தட்டுல பூஞ்ச வாடை. நீங்க பக்கத்துலயே நின்னு, எல்லாம் சுத்தமா இருக்குன்னீங்க. அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் உங்க மூக்கு வேலைய நான் பாத்துக்கலாம்னு இருந்தேன்." பிறகு சாதாரணமாக, "மணம் ரெண்டாவதுதான் ஒசத்தி. ஆனா பாதியில சுடும்னா வேண்டாம். மொதலாவதயே எடுத்துடுவோம்" என்று எழுந்து விளக்கை அணைக்கப் போனார்.

தெருமுனை வந்ததும் அத்தான் நின்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து மாசமா அந்தம்மா அலமாரிக்குள்ள தலைய விடறப்பெல்லாம், மனசுக்குள்ள திட்டிக்கிட்டே நின்னிருக்கேன் மாப்ளே."